சிரிஞ்சு கேட்டு வரும் பையனுக்கு என்ன பதில் சொல்வது?

2024 ஜூன் 5
மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர் கேட்டது:

"சின்னதாக ஒரு மெடிக்கல் வைத்திருக்கிறேன். கொஞ்ச நாளாக ராத்திரி எட்டு மணிக்கு மேல் பதினெட்டு, இருபது வயசுப் பையன்கள் வந்து சிரிஞ்சு கேட்கிறார்கள். யாருக்கு என்றால் ஆட்டுக்கு, கோழிக்கு, பாட்டிக்கு என்று ஏதாவது சொல்வார்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். தெரிந்த கடைக்காரர்களும் அதுதான் சரி என்கிறார்கள். போன வாரம் கடைக்குப் பின்னால் குப்பையில் கிடந்த பழைய ஊசியை ஒரு பையன் பொறுக்கி எடுத்ததைக் கண்ணால் பார்த்தேன். அன்றிலிருந்து மனசு சரியில்லை. நான் செய்வது சரிதானா?"

ஜூன் 5, இரவு

கொடுங்கள். விலைக்கே கொடுங்கள், இலவசமாக வேண்டாம். ஆனால் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

நான் டி.ஃபார்ம் முடித்துவிட்டு வடசேரியில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தவள். அப்புறம் சென்னையில், ஊசி வழியாகப் போதை ஏற்றிக்கொள்கிறவர்களுக்கான எச்.ஐ.வி. தடுப்புத் திட்டம் ஒன்றில் களப்பணி. இப்போது ஊருக்கே திரும்பி, சாயங்காலம் ஆனால் ஒரு சின்னக் குழுவோடு நாகர்கோவில் தெருக்களில் நிற்கிறேன். கவுண்டருக்கு உள்ளேயும் நின்றிருக்கிறேன், வெளியேயும் நிற்கிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன்.

உங்கள் கடை வாசலுக்கு வரும்போதே அவன் சட்டைப் பையில் மாத்திரை இருக்கிறது. வாங்கி முடித்தாயிற்று. உடம்பு முறுக்க ஆரம்பித்திருக்கும், மூக்கு ஒழுகும், வயிறு பிசையும். அந்த நேரத்தில் நீங்கள் சிரிஞ்சு இல்லை என்றால் அவன் மனசு மாறி வீட்டுக்குப் போகப் போவதில்லை. நாலு பேர் சேர்ந்து இருக்கிற ஒரு ஊசியில் முடித்துக்கொள்வார்கள். இல்லையென்றால் குப்பையில் தேடுவார்கள். நீங்கள் பார்த்தது அதைத்தான்.

எச்.ஐ.வி. உள்ள ஒருவர் குத்திய ஊசியை இன்னொருவர் ஒரு தடவை பயன்படுத்தினால் தொற்றுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 160-ல் ஒன்று. கேட்டால் குறைவாகத் தோன்றும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை குத்துகிறவனுக்கு அந்த 160 எத்தனை நாளில் வந்துவிடும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைட்டிஸ் சி இதைவிட எளிதாகத் தொற்றும். எச்.ஐ.வி. வருவதற்கு வெகு முன்பே அது வந்துவிடுகிறது.

ஜூன் 6, காலை

ராத்திரி எழுதாமல் விட்ட ஒன்று. சிரிஞ்சைக் கொடுங்கள் என்றேன், மாத்திரையை அல்ல. சீட்டு இல்லாமல் வலி மாத்திரையோ தூக்க மாத்திரையோ ஒரு பட்டைகூடக் கொடுக்காதீர்கள். பழைய சீட்டைக் காட்டினாலும் தேதியைப் பாருங்கள்.

டிரமடால் என்கிற வலி மாத்திரையை 2018 ஏப்ரலில் என்.டி.பி.எஸ். சட்டத்துக்குள், அதாவது போதைப் பொருள் தடுப்புச் சட்டத்துக்குள், கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டில் இப்போது அதிகம் அடிபடும் பெயர் டேபென்டடால், அதுவும் வலி மாத்திரைதான். வயிற்றுக்குள் போவதற்காகச் செய்த மாத்திரை அது. அதில் மருந்து கொஞ்சம்தான். மீதி டால்க், மாவு, செல்லுலோஸ், மேல்பூச்சு. இவை தண்ணீரில் கரையாது. நரம்புக்குள் போனால் கையில் கட்டியாகும், ரத்தக் குழாயை அடைக்கும், நுரையீரல் வரைக்கும் போய்த் தங்கும். எந்தத் துணியில் வடிகட்டினாலும் இது தீராது. பையன்களிடம் நான் இதை மறைக்காமல் சொல்கிறேன். பிரவுன் சுகரை (மட்டமான ஹெராயினை) விட மாத்திரை சுத்தமானது, கம்பெனிச் சரக்கு என்று நிறையப் பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

ஜூன் 8

"ஊசி எளிதாகக் கிடைத்தால் புதுசாக ஆள் சேராதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கோபமாகவே கேட்டிருக்கிறார். பிள்ளை வளர்க்கிறவருக்கு அந்தக் கோபம் வரத்தான் செய்யும்.

நம் குமரி மாவட்டத்தில் சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டிலெல்லாம் இன்சுலின் சிரிஞ்சு ஃபிரிட்ஜ் மேல் கிடக்கிறது. அதைப் பார்த்து எந்தப் பேரனும் போதைக்குப் போகவில்லை. போகிறவனை மாத்திரையும் கூட்டாளியும்தான் இழுக்கிறார்கள்.

மருந்துக் கடைக்காரர் கேட்ட கேள்வி என்பதால் இந்தக் கதை அவருக்குத் தெரிய வேண்டும். ஆம்ஸ்டர்டாம் நகரத்தின் நடுவில் இருந்த ஒரு மருந்துக் கடை போதைக்காரர்களுக்கு இனி சிரிஞ்சு விற்பதில்லை என்று முடிவெடுத்தது. மஞ்சள் காமாலை, அதாவது ஹெபடைட்டிஸ் பி, பரவும் என்று பயந்தவர்கள் போதைப் பழக்கம் உள்ளவர்களே. அவர்களுடைய சங்கம்தான் 1984-இல் பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதுசு கொடுக்க ஆரம்பித்தது. உலகத்தில் ஊசி மாற்றுத் திட்டம் தொடங்கிய இடங்களில் முக்கியமானது அது. ஒரு கடை கதவைச் சாத்தியதால் பிறந்தது.

அதே காலத்தில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் சிரிஞ்சு விற்பனையை நெருக்கினார்கள், போலீசும் கையில் ஊசி கண்டால் பறித்தது. 1986-இல் வெளியான ஆய்வில், அங்கே ஒரு குடும்ப மருத்துவர்களின் கிளினிக்கில் சோதித்த ஊசிப் பழக்கக்காரர்களில் பாதிப் பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. நம் நாட்டிலேயே மணிப்பூரைப் பாருங்கள். 1989 செப்டம்பர் வரை அங்கே ஊசி போடுகிறவர்களிடம் தொற்று காணப்படவில்லை. ஆறு மாதத்துக்குள் பாதிப் பேருக்கு வந்துவிட்டது. வருஷக்கணக்கு இல்லை, மாதக்கணக்கு. குமரியில் அப்படி ஆகும் என்று நான் சொல்லவில்லை. ஆக ஆரம்பித்தால் கூடிப் பேசி முடிவெடுக்க நேரம் இருக்காது என்கிறேன்.

ஜூன் 9

"சட்டம் என்ன சொல்கிறது, நாளைக்கு என் கடையில் கேஸ் போட்டால்?" சரி, தெரிந்ததைச் சொல்கிறேன்.

சிரிஞ்சு, ஷெட்யூல் எச் மாத்திரை மாதிரி டாக்டர் சீட்டு வேண்டிய பொருள் இல்லை. பில் போட்டு விற்கலாம்.

எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-இல் வந்தது, 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 22-ஆம் பிரிவு, மத்திய அரசின் வழிகாட்டுதல்படி தொற்று ஆபத்தைக் குறைக்கச் செய்யும் எந்த வேலையும் குற்றம் ஆகாது என்கிறது. கூடவே உதாரணமும் கொடுத்திருக்கிறார்கள்: பதிவு பெற்ற ஊசி மாற்றுத் திட்டத்தில் ஒருவர் புது ஊசி கொடுக்கிறார், இன்னொருவர் பழையதைக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்கிறார், இருவர் மேலும் வழக்கு கிடையாது. இதன் நகலை மடித்து என் பையில் வைத்திருக்கிறேன். சென்னையில் இருந்த நாளிலிருந்து உள்ள பழக்கம். ஒரு தடவை ரோந்து வந்த ஏட்டையா அதை டார்ச் வெளிச்சத்தில் முழுசாகப் படித்துவிட்டு, "எம்மா, இத எங்களுக்கு யாரும் சொல்லலியே" என்றார். அதற்கப்புறம் அவர் எங்களைக் கண்டால் வண்டியை நிறுத்தாமல் போய்விடுவார்.

இன்னொன்று, என்.டி.பி.எஸ். சட்டத்தில் 64ஏ. போதை உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் மாட்டியவர் தானாகச் சிகிச்சைக்கு முன்வந்தால் தண்டனையிலிருந்து விலக்குப் பெறலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கும் போகும். பிள்ளைக்காகக் கோர்ட் வாசலில் நிற்கிற பெற்றோரில் நிறையப் பேருக்கு இது தெரியாது. உங்கள் வக்கீலிடம் நேரடியாக இந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

ஜூன் 13

இன்று எழுதுவது சட்டம் இல்லை.

கோட்டாறு சந்தைக்குப் பின்னால், சாரல் அடித்துக்கொண்டிருந்தது. எங்களோடு வரும் அண்ணன் ஒருவர் இருக்கிறார், தானே பல வருஷம் ஊசி போட்டு வெளியே வந்தவர். அவர்தான் முதலில் கண்டுபிடித்தார். ஒரு பையன் மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தான். வலது கையைச் சட்டைக்குள் ஒளித்து வைத்திருந்தான்.

"கையக் காட்டு மக்கா."

"ஒண்ணும் இல்ல எக்கா. கொசு கடிச்சது."

அண்ணன் பேசாமல் தன் முழங்கையை மடக்கி, பழைய தழும்பைக் காட்டினார். அதைப் பார்த்த பிறகுதான் பையன் கையை எடுத்தான். முழங்கையின் உள்பக்கம் பன் ரொட்டி மாதிரி உப்பியிருந்தது. நடுவில் மஞ்சளாக ஒரு வாய், சுற்றிலும் தோல் பளபளவென்று சிவந்து சூடாக இருந்தது. மேலே தோள் பக்கமாகச் சிவப்புக் கோடு ஏறியிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. காய்ச்சலும் இல்லை. அப்படி இருந்திருந்தால் அங்கேயே ஆட்டோ பிடித்திருப்போம்.

சலைன் ஊற்றிக் கழுவினேன். தானாக வடிந்ததைத் துடைத்தேன், அமுக்கவில்லை. பெட்டாடின் வைத்து, காஸ் துணியை மடித்து வைத்து, இறுக்காமல் சுற்றினேன். இவ்வளவு நேரமும் அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. தூரத்தில் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று கேட்டேன். "போனேன். எல்லாரும் பாக்குற மாதிரி வஞ்சாவ எக்கா. அப்பன் ஆத்தா பேரக் கேட்டாவ. எறங்கி வந்துட்டேன்."

எந்த ஆஸ்பத்திரி என்று இங்கே எழுதப் போவதில்லை. ஒரு இடத்தில் மட்டும் நடப்பதில்லை இது.

கட்டு மாற்ற இரண்டு நாள் கழித்து வரச் சொன்னேன். வந்தான். மூன்றாவது தடவை வந்தபோது, நான் கேட்காமலே, "அந்த டெஸ்ட் எங்க எடுக்கணும்?" என்றான். இந்த வேலை நடப்பது இப்படித்தான். புது ஊசி தொற்றைத் தடுக்கிறது, அது ஒரு பாதி. அவன் மறுபடியும் நம்மிடம் வந்து நிற்க ஒரு காரணம் கிடைக்கிறதே, மறு பாதி அது. கடைக்காரரே, உங்கள் கவுண்டர் அப்படி ஒரு இடமாக ஆகலாம். அதனால்தான் விரட்டாதீர்கள் என்று இவ்வளவு மன்றாடுகிறேன்.

ஜூன் 14

"எந்த சிரிஞ்சு?" என்று கேட்டதற்குச் சின்னப் பதில். ஊசி தனியாகக் கழலும் 2 மில்லி, 5 மில்லி சிரிஞ்சுகளில், அழுத்தி முடித்த பிறகும் ஊசி மாட்டும் கழுத்தில் ரத்தம் தங்கும். ஊசி சேர்ந்தே வரும் இன்சுலின் சிரிஞ்சில் அந்த இடம் மிகக் குறைவு. பகிர்ந்துகொள்ளும் நிலை வந்தால் இதில் ஆபத்து குறைவு, இல்லாமல் போவதில்லை. ஊசியைப் பகிராமல், மாத்திரை கரைக்கப் பயன்படும் தண்ணீர், மூடி, பஞ்சு ஆகியவற்றைப் பகிர்ந்தாலும் ஹெபடைட்டிஸ் சி வரும். "ஆளுக்கு ஒரு ஊசிதான் எக்கா" என்று பெருமையாகச் சொல்கிறவர்களிடம் நான் அடுத்துக் கேட்பது, தண்ணீர் யாருடையது என்று.

ஜூன் 20

ஒரு தூய்மைப் பணியாளர் அம்மா. ஓடையில் கை விட்டுக் குப்பையை அள்ளும்போது ஊசி குத்திவிட்டது. கையுறை போட்டிருந்தார், மெல்லிய ரப்பர், அது என்ன தாங்கும். மறுநாள் மத்தியானம் எங்கள் குழுவுக்குத் தகவல் வந்தது. அதுவரை அந்த இடத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் பூசிக்கொண்டு வேலையைத்தான் பார்த்திருக்கிறார். முதலில் போன இடத்தில் "நாளைக்கு வாங்க, டாக்டர் இல்ல" என்று திருப்பியிருக்கிறார்கள். கோபத்தில் எனக்குக் கை நடுங்கியது.

ஊசி குத்தினால் செய்ய வேண்டியது: பதறிப் பிழியாதீர்கள், வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நேராக அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், ஊசி குத்திவிட்டது, பி.இ.பி. மாத்திரை (எச்.ஐ.வி. தொற்றாமல் தடுப்பது) வேண்டும் என்று கேளுங்கள். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் மிக நல்லது. 72 மணி நேரத்துக்குப் பிறகு பயனில்லை. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த அம்மாவுக்கு நேரத்துக்குள் மாத்திரை கிடைத்தது. வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மக்களே, எனக்கு ஒண்ணும் வராதுல்லா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். தெருவில் கிடந்த ஊசியால் எச்.ஐ.வி. வருவது மிக அரிது, மாத்திரையும் எடுத்தால் பயமே வேண்டாம் என்று அவர் கேட்ட ஒவ்வொரு தடவையும் சொன்னேன்.

இதைப் படித்துவிட்டு, பார்த்தீர்களா, இதற்குத்தான் ஊசி கொடுக்கக் கூடாது என்று யாராவது வருவார்கள். ஊசி திரும்ப வருவதற்கு இடம் இல்லாததால்தான் அது ஓடைக்குப் போகிறது. சென்னையில் கொடுத்த ஊசியைத் திரும்ப வாங்குவது எங்கள் வேலையில் பாதி. தடித்த பிளாஸ்டிக் கேனில் போட்டு, மூடி, மருத்துவக் கழிவோடு அனுப்புவோம். மார்த்தாண்டம் கடைக்காரர் கடைக்குப் பின்னால் அப்படி ஒரு கேன் வைக்க முடியுமா? மருத்துவக் கழிவு எடுக்க வரும் வண்டிக்காரர்களிடம் பேசிப் பார்க்க வேண்டும். நான் இங்கே பேசுகிறேன், நீங்கள் அங்கே பேசுங்கள்.

ஜூன் 23

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன், ஞாயிற்றுக்கிழமை.

2011 கணக்கெடுப்பில் குமரியின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். எச்.ஐ.வி. எப்படிப் பரவும் என்று தெருவில் கேட்டால் சின்னப் பிள்ளைகூட நாலு வழியையும் ஒப்பிக்கும். பள்ளிக்கூடத்தில் படித்தது, ரெட் ரிப்பன் கிளப் என்கிற எச்.ஐ.வி. விழிப்புணர்வு மாணவர் குழுவில் கேட்டது. ஆனால் ஒப்பிக்கிற அதே பையன் கூட்டாளி குத்திய ஊசியை வாங்கிக் குத்திக்கொள்கிறான். "அவன் என் சங்கு எக்கா, அவனுக்கு என்ன வரப்போவுது?" என்கிறான். இரத்தப் பாசத்தைவிடப் பெரியது அந்த நம்பிக்கை. அதை உடைக்கிற மாதிரிப் பேசினால் எழுந்து போய்விடுவான். "அவனுக்கு உன்னால எதும் வரக் கூடாதுல்லா, அதுக்காவது தனி ஊசி வச்சுக்கோ" என்றால் காது கொடுக்கிறான். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் அண்ணன்.

புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்று 2000-களின் தொடக்கத்தில் சுவரெல்லாம் கேட்டார்கள், ஞாபகம் இருக்கும். மாநிலமே பேசிய விளம்பரம். 1986-இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் தொற்றுகளைச் சென்னையில் கண்டறிந்ததிலிருந்து, தமிழ்நாடு இந்த நோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசிய மாநிலம்தான். ஆனால் அந்தப் பேச்சு பெரும்பாலும் ஆணுறையைச் சுற்றியே போயிற்று. ஊசி வடகிழக்கின் பிரச்சினை என்று நினைத்துவிட்டோம். 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பு, நாடு முழுக்க ஊசியில் போதை ஏற்றுகிறவர்கள் ஏறத்தாழ 8.5 லட்சம் பேர் என்றது. அவர்கள் ஏற்றுவதில் ஹெராயினுக்குச் சமமாக மருந்துக் கடைச் சரக்கும் இருந்தது. அரசின் 2017 எச்.ஐ.வி. கண்காணிப்பில் ஊசி போடுகிறவர்களில் 6.26 சதவீதத்தினருக்குத் தொற்று இருந்தது. பொதுமக்களில் அப்போது 0.22 சதவீதம்.

தெருவில் எங்கள் பையைப் பார்த்துவிட்டுக் குழந்தைகள் ஓடி வந்து வாயைத் திறந்துகொண்டு நிற்கும், போலியோ சொட்டு மருந்து என்று. அண்ணன் சட்டைப் பையில் அதற்காகவே ஆரஞ்சு மிட்டாய் வைத்திருப்பார்.

ஜூன் 30

மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். தேங்காய்ப்பட்டணம், குளச்சல், முட்டம் பக்கமெல்லாம் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருக்கிற நேரம் இது. எங்களுக்கு இதுதான் வேலைக்காலம். தூத்தூர் பக்கத்து ஆட்கள் ஆழ்கடலுக்குப் போனால் ஒரு மாசம், சில சமயம் அதற்கும் மேல். மறுபடி பிடிக்க முடியாது.

ஏற்கெனவே எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. கூட்டு மருந்து தினமும் ஒரு மாத்திரைதான், ஆனால் விடக் கூடாது. நடுக்கடலில் தீர்ந்துபோனால் என்ன செய்வார்? இந்த மருந்தைக் கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையம் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் இருக்கிறது, அங்கே முன்கூட்டியே சொல்லுங்கள். உடம்பு சீராக இருக்கிறவர்களுக்கு மூன்று மாசத்துக்குச் சேர்த்துக் கொடுக்க வழி இருக்கிறது. கடலுக்குப் போகிறேன் என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு மாசத்துக்கே வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவு வழியாக மனைவிக்குத் தொற்றாது. இதைச் சொல்லும்போது சிலர் அழுதுவிடுகிறார்கள்.

மனைவிகளைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். ஆண் ஊசி போட்டு வாங்கி வருவதை, பல வீடுகளில் முதலில் கண்டுபிடிப்பது கர்ப்பிணியின் ரத்தப் பரிசோதனை. உடனே மாமியார் வீட்டில், இவள் வந்த நேரம் என்பார்கள். கணவன் வாயைத் திறக்க மாட்டான். குளச்சல் பக்கம் ஒரு பெண், ஏழு மாசம், தன் அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, பிள்ளைக்கு வருமா என்பதுதான். மருந்தே எடுக்காவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்கு வரும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். தாயும் சேயும் ஒழுங்காக மருந்து எடுத்தால் 5 சதவீதத்துக்கும் கீழே. அந்தப் பிள்ளை இப்போது ஓடி விளையாடுகிறது, தொற்று இல்லை. அவள் கணவனையும் அவளேதான் பரிசோதனைக்கு இழுத்து வந்தாள்.

ஜூலை 4

சிரிஞ்சைக் கொடுங்கள் என்று முதல் நாள் எழுதியதை இன்னொரு முறை யோசித்துப் பார்த்தேன். தக்கலையில் ஒரு கடையில் வேலை பார்க்கும் பெண் எழுதியிருக்கிறார்: ராத்திரி ஒன்பது மணிக்குக் கடையில் தான் மட்டும், வருகிற பையன்கள் சில சமயம் மிரட்டுகிறார்கள் என்று. அவருக்கும் எல்லாருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. உங்கள் பாதுகாப்பு முதலில். மாத்திரை கேட்டு மிரட்டினால் போலீசைக் கூப்பிடுங்கள், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சிரிஞ்சை மட்டும் கேட்டால் கேள்வி கேட்காமல் கொடுத்துவிட்டு, முடிந்தால் ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள். "தம்பி, ஒருத்தர் போட்டத இன்னொருத்தர் போடாதீங்க." அது போதும். புத்திமதி வேண்டாம். ராத்திரியில் துணைக்கு இரண்டாவது ஆளைப் போடச் சொல்லி முதலாளியிடம் கேளுங்கள்.

அப்புறம், ஓவர்டோஸ். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். போதை மீட்பு இல்லத்திலிருந்தோ ஜெயிலிலிருந்தோ வெளியே வந்த முதல் சில வாரம்தான் மிகவும் ஆபத்தான நாட்கள். உடம்பு பழக்கத்தை மறந்திருக்கும், கை பழைய அளவையே எடுக்கும். கூட மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் மூச்சு நின்றுவிடும். உதடு நீலமாகும், கண்மணி ஊசி முனையாகச் சுருங்கும், குறட்டை மாதிரி ஒரு சத்தம் வரும், தட்டினாலும் எழும்ப மாட்டான். தூங்குகிறான் என்று விட்டுவிடாதீர்கள். மோரும் எலுமிச்சைச் சாறும் வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். 108-ஐக் கூப்பிட்டு, மூச்சு இல்லை என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். தலையைச் சாய்த்து, மூக்கை அடைத்து, ஐந்து விநாடிக்கு ஒரு தடவை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். மூச்சு வந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். இந்தப் போதையை முறிக்கும் நலாக்ஸோன் ஊசி போட்டால் எழுந்துவிடுவான். அதன் வேகம் தீர்ந்ததும் மறுபடி மயங்கக் கூடும், அதனால் ஆஸ்பத்திரியிலேயே இருக்க வேண்டும்.

ஜூலை 12

ஒரு தாய் தனியாக எழுதியிருந்தார். அனுமதியோடு இங்கே பதில் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் உதவும். மகன் ஊசி போடுகிறான் என்று இப்போதுதான் தெரிந்ததாம். உறவுக்காரர்கள் ஒரு தனியார் இல்லத்தில் அடைத்துவிடச் சொல்கிறார்களாம், ஆள் வந்து தூக்கிக்கொண்டு போவார்களாம்.

அம்மா, அவசரப்பட வேண்டாம். கட்டிவைத்து அடிக்கிற இல்லங்கள் இருக்கின்றன. அப்படி ஒன்றிலிருந்து வந்தவனின் கணுக்காலை நானே பார்த்திருக்கிறேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டியிருந்தவர்கள் தீயில் எப்படி இறந்தார்கள் என்று நம் எல்லோருக்கும் தெரியும், 28 பேர். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு சங்கிலியால் கட்டுவதை முழுசாகத் தடை செய்கிறது. எந்த இல்லமானாலும் மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா என்று சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். வாரம் ஒரு தடவை மகனை நேரில் பார்க்க விடுவார்களா என்றும் கேளுங்கள். மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள்.

முதலில் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவு. நாக்குக்கு அடியில் வைக்கும் பியூப்ரினார்ஃபின் மாத்திரை பற்றிக் கேளுங்கள். மருத்துவர் கண்காணிப்பில் எடுத்தால் உடம்பு முறுக்காது, ஊசியின் தேவை குறையும், வேலைக்குப் போக முடியும். ஒரு போதைக்குப் பதில் இன்னொன்றா என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். தினமும் ஒரே அளவில், டாக்டர் கையால், ஊசி இல்லாமல் என்று சொல்லுங்கள். எவ்வளவு நாள் என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும், வீட்டில் யாரும் தாமாக நிறுத்தக் கூடாது.

அதே வளாகத்தில் நம்பிக்கை மையம் இருக்கிறது. எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், அவன் சம்மதம் இல்லாமல் எடுக்க மாட்டார்கள், முடிவை உங்களிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். அதற்காக வருத்தப்படாதீர்கள், அந்த உத்தரவாதத்தால்தான் பையன்கள் உள்ளே வருகிறார்கள். கடைசியாகப் பகிர்ந்தது இந்த மாசம் என்றால், இப்போது இல்லை என்று வந்தாலும் மூன்று மாசம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். ஹெபடைட்டிஸ் சி-யும் கேளுங்கள். 2018 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அதற்குச் சிகிச்சை இலவசம், பெரும்பாலானவர்களுக்கு 12 வாரம், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் முழுசாகக் குணமாகிறார்கள்.

அவன் வர மறுத்தால் நீங்கள் மட்டும் போங்கள். 1097 எச்.ஐ.வி.க்கான இலவச எண், 14446 போதை மீட்புக்கான எண், இரண்டிலும் தாயும் பேசலாம். வீட்டில் அவனுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைக்க வேண்டாம், அதனால் எதுவும் தொற்றாது. ரேசர், நகவெட்டி, டூத் பிரஷ் மட்டும் தனியாக இருக்கட்டும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடாதவர்கள் வீட்டில் எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று ஊசி: இன்று ஒன்று, ஒரு மாசத்தில் ஒன்று, ஆறாவது மாசத்தில் ஒன்று.